நுனி கருகும் இலைகள்

அத்தியாயம் 11

மாமனார் அடுப்பை அணைக்காமல் வெளியே போய்விட்ட விஷயம், கரிப்பிடித்த பால் பாத்திரத்தோடு முடிந்துவிடும் என்றுதான் அவள் நினைத்திருந்தாள். கணவன் அப்படி விடுவதாக இல்லை. "இது ரெண்டாவது தடவை, ரெண்டாவது தடவை" என்று சமையலறைக்கும் கூடத்துக்குமாக நடந்துகொண்டே சொன்னான். நடந்துகொண்டே அக்காவுக்குப் போன் போட்டான். அக்கா ஏற்கெனவே ஒரு முதியோர் இல்லத்தைப் பார்த்து, பிடித்தும் வைத்திருந்தாள் என்பது அப்போதுதான் இருவருக்கும் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை நேரில் வந்து அப்பாவிடம் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டாள்.

மாமனாரிடம் இதுவரை யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. ரயில் இன்ஜின் ஓட்டி ஓய்வு பெற்றவர் அவர். மாமியார் போன பிறகு, ஒரே ஒரு பெட்டியோடு இந்த வீட்டுக்கு வந்தார். வந்த நாளிலிருந்து அவராகவே எடுத்துக்கொண்ட வேலை ஒன்றே ஒன்றுதான். மருமகளுக்கு மத்தியானச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுப்பது.

அன்று காலையும் ஷூவுக்கு நாடா கட்டிக்கொண்டே, "டப்பாவை மேஜை மேலேயே வெச்சிட்டுப் போம்மா. நான் கொண்டாந்துடறேன்" என்றார்.

அவர் காலை நடைக்குப் படியிறங்கும்வரை காத்திருந்து, கணவன் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

"டாக்டர், இன்னிக்காவது நீ பேசிடு. நீ சொன்னா கேப்பாரு."

அவள் ஆராய்ச்சிப் பட்டத்துக்குச் சேர்ந்த நாளிலிருந்து அவளை அவன் அப்படித்தான் கூப்பிடுகிறான். இன்னும் டாக்டர் ஆகவில்லை.

"அப்பா உங்களுக்கு. பேச்சு எனக்கா?"

"நான் சொன்னா சண்டையாயிடும்."

"நான் சொன்னா மட்டும் கைதட்டுவாரா?"

பதிலுக்குக் காத்திராமல் பையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தும் நின்றுகொண்டே வந்தாள். ஏன் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது.

*

பழச்செடி ஆராய்ச்சி நிலையத்தின் பின்கோடியில் இருந்தது அவளுடைய பசுமைக்குடில். உள்ளே மூன்று மேஜைகள். மணல் நிரப்பிய தொட்டிகளில் எலுமிச்சை, ஆரஞ்சுக் குடும்பத்துக் கன்றுகள். ஒரு மேஜைக்குத் தாமிரம் அதிகம், இன்னொன்றுக்கு மாங்கனீசு அதிகம், மூன்றாவதற்குப் போரான். மூன்றுமே செடிக்கு வேண்டிய சத்துகள்தாம். துளி குறைந்தால் செடி நோஞ்சானாகும். துளி கூடினால் அதே சத்து விஷமாகும். கூடுதலைத் தெரிந்தே சத்து உப்புகளின் கரைசலில் கலந்து கொடுத்து, எந்தச் செடி எங்கே முதலில் அடிபடுகிறது என்று பார்ப்பதுதான் அவள் வேலை.

தாமிர மேஜையில் இலைகள் பெரிதாகக் காட்டிக்கொள்ளாது. தொட்டியைக் கவிழ்த்தால்தான் வேர் குட்டையாகித் தடித்துக் கறுத்திருப்பது தெரியும். போரான் அப்படியில்லை. வேரைத் தாண்டி, தண்ணீரோடு ஏறி, நேரே இலை நுனிக்குப் போய்விடும். தண்ணீர் ஆவியாகிவிடும், போரான் அங்கேயே மாட்டிக்கொள்ளும். திரும்பி வர அதற்கு வழி கிடையாது. முதலில் நுனி மஞ்சளாகும், பிறகு ஓரமெல்லாம், பிறகு கருகல். இலையைத் திருப்பினால் பிசின் உறைந்ததுபோல் பழுப்புப் புள்ளிகள். முற்றிய இலைகள் முதலில் உதிரும். இளசுகள் பின்னால் வரிசையில் நிற்கும்.

இதை முதல்முறை விளக்கியபோது மாமனார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "சிக்னல்ல மஞ்சள் விழுந்தா வேகத்தைக் குறைக்கணும்மா. நீ கூட்டிக்கிட்டே போறியே" என்றார். அவள் சிரித்துவிட்டாள்.

இன்று கடைசி அளவெடுப்பு. மூன்றாவது மேஜைக்கு வந்தவள், குனிந்த இடத்திலேயே நின்றாள்.

தளிர்!

கருகி மொட்டையாகியிருக்க வேண்டிய கன்றின் உச்சியில் இளம்பச்சையாய், பளபளவென்று, நுனியில் ஒரு மஞ்சள் பொட்டுகூட இல்லாமல் தளிர். பக்கத்துத் தொட்டியிலும். அதற்கடுத்ததிலும். போன வாரம் ஊருக்குப் போயிருந்ததால் இடையில் பார்க்கவில்லை. ஒரு வாரத்துக்குள் இப்படியா?

அந்த மேஜையில் இரண்டு வகைக் கன்றுகள் கலந்து இருந்தன. ஒட்டுக்கட்டும்போது அடிப்பாகமாக நிற்கும் வேர்ச்செடிகள். முள் அதிகமுள்ளதை முள்ளி என்றும், உயரமாகப் போவதை நெட்டை என்றும் அவர்களுக்குள் பேச்சு. முள்ளிதான் போரானைத் தாங்கும் என்று அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே ஓர் ஊகம். இன்று அவள் கண்ணில் பட்டதும் முள்ளிதான்.

ஓடினாள். உண்மையாகவே ஓடினாள். இயக்குநர் அறையில் மூச்சு வாங்க, "சார், தாங்கிடுச்சு. முள்ளி தாங்கிடுச்சு" என்றாள்.

இயக்குநர் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு கூடவே வந்தார். தளிரை விரல் நுனியால் தூக்கிப் பார்த்தார். அவர் முகத்தில் பத்து வயது குறைந்துவிட்டது.

"சாயங்காலம் தோட்டக்காரங்க வர்றாங்களே, அவங்களுக்கு இதைவிட நல்ல சேதி உண்டா? நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

"சார், இன்னும் இலையைச் சோதனைக்கு அனுப்பணும்..."

"அது பாட்டுக்கு அது நடக்கட்டும்."

அவர் போய்விட்டார். ஆழ்குழாய்க் கிணறுகளில் போரான் ஏறிப்போய், பழத்தோட்டமே கண்ணெதிரில் கருகிக்கொண்டிருக்கும் ஆட்கள் அவர்கள். எந்த வேர்ச்செடி தாங்கும் என்ற ஒரு பதிலுக்காக மாதாமாதம் வந்து போகிறார்கள்.

*

சந்தோஷம் ஒரு மணி நேரம்கூடத் தங்கவில்லை.

அளவெடுக்க உட்கார்ந்தவளுக்கு முதலில் கால் ஆடியது. பிறகு பேனா ஆடியது. எதுவோ இடிக்கிறது. எழுந்து மேஜையைச் சுற்றி வந்தாள். மறுபடி சுற்றினாள்.

தளிர் விட்டவற்றில் நெட்டையும் இருந்தது.

நெட்டை தாங்காது. எந்தக் காலத்திலும் தாங்கியதில்லை. இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. பச்சையாக நின்றவை ஏறக்குறைய எல்லாமே நடைபாதையை ஒட்டிய முன்வரிசை. கை எட்டும் வரிசை. பின்னால் நின்ற கன்றுகள் ஒழுங்காக, பாவம், கருகிக்கொண்டிருந்தன.

செடிக்கு எது நடைபாதை, எது சுவர்ப்பக்கம் என்று தெரியாது. மனிதருக்குத்தான் தெரியும்.

கரைசலின் உப்பு அளவைக் காட்டும் சின்ன மீட்டரை எடுத்து, முன்வரிசைத் தொட்டிகளிலிருந்து வடிந்த நீரில் முக்கினாள். வெறும் குழாய்த் தண்ணீருக்குக் காட்டும் அளவையே ஏறக்குறையக் காட்டியது. உப்பே இல்லையென்றால் அதோடு கலந்து ஊற்றிய போரான் மட்டும் எங்கே இருக்கும்? மணலிலிருந்து எல்லாம் கழுவிப் போயிருந்தது. யாரோ நல்ல தண்ணீர் ஊற்றியிருக்கிறார்கள். ஒருநாள் இல்லை, தொடர்ந்து.



பசுமைக்குடிலின் சாவி இரண்டு பேரிடம்தான். ஒன்று அவளிடம். மற்றது, எல்லாக் கட்டடத்தின் சாவிகளையும் கொத்தாக இடுப்பில் மாட்டிக்கொண்டு நடக்கும் பொறுப்பாளர் அம்மாளிடம். நிலையத்தில் எல்லோருக்கும் அவர் சாவியக்கா. அவர் வருவதற்கு முன் அவர் சத்தம் வரும்.

யோசித்துவிட்டுப் பேசியிருக்கலாம். அவள் யோசிக்கவில்லை. நேரே இயக்குநர் அறைக்குப் போனாள். சாவியக்காவும் அங்கே இருந்தார்.

"சார், முள்ளி ஒண்ணும் தாங்கல. செடிக்கு யாரோ தண்ணி ஊத்தியிருக்காங்க. முன்வரிசை முழுக்கக் கழுவிப் போயிருக்கு." திரும்பினாள். "அக்கா, நான் ஊர்ல இல்லாதப்ப குடிலுக்கு யார் போனது?"

"கதவைத் திறக்கறது, பூட்டறது நான்தான்."

"அப்ப வாடுதேன்னு நீங்க ஊத்தினீங்களா? எழுதி ஒட்டியிருக்கேனே, கரைசலைத் தவிர எதுவும் ஊத்தாதீங்கன்னு!"

"நான் ஊத்தல மேடம்."

"உங்களைத் தவிர வேற யாரு? சாவி தானா நடந்து போச்சா?"

சாவியக்கா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளுடைய முகத்தை ஒரு கணம் உற்றுப் பார்த்தார். பிறகு வாயை மூடிக்கொண்டார். இடுப்புக் கொக்கியிலிருந்து சாவிக்கொத்தைக் கழற்றி, சத்தமே வராமல் மேஜைமேல் வைத்தார்.

"யார்கிட்ட குடுக்கணுமோ குடுத்துக்குங்க சார்."

போய்விட்டார். இயக்குநர் சாவிக்கொத்தைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"நான் போன் பண்ணிட்டேனேம்மா" என்றார்.

*

அவளால் ஓரிடத்தில் இருக்க முடியவில்லை. ஆய்வகத்துக்குப் போனாள், எதற்கு வந்தோம் என்று தெரியாமல் திரும்பினாள். குழாயடியில் முகம் கழுவினாள். கைப்பையில் போன் அதிர்ந்தது. கணவன். எடுக்கவில்லை. மறுபடி அதிர்ந்தது. எடுக்கவில்லை. இப்போது ஞாயிற்றுக்கிழமையைப் பற்றிப் பேச அவளுக்குத் தெம்பு கிடையாது.

சாப்பாட்டு நேரம் தாண்டியிருந்தது. டப்பா ஆய்வகத்துக்கு வரவில்லையே என்று அப்போதுதான் நினைவு வந்தது. எப்போதும் மாமனார் அதை அவள் கையில் கொடுத்துவிட்டு, அவள் சாப்பிட்டு முடிக்கும்வரை குடிலில் போய் உட்காருவார். உள்ளே காற்று நன்றாக இருக்கிறது, விசிறிச் சத்தம் இன்ஜின் மாதிரி கேட்கிறது என்பார்.

கால் தானாக நின்றது. பிறகு வேகமாக நடந்தது.

குடிலின் கதவை அவள்தான் பூட்டாமல் வந்திருந்தாள். ஸ்டூலின் மேல் டப்பா இருந்தது. மூன்றாவது மேஜைக்கு முன்னால் மாமனார் நின்றிருந்தார். கையில் பிளாஸ்டிக் குவளை. தொட்டி தொட்டியாக, ஒரு சொட்டு வெளியே சிந்தாமல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"மாமா..."

அவர் திடுக்கிடவில்லை. கையிலிருந்த குவளையை ஊற்றி முடித்துவிட்டுத்தான் திரும்பினார்.

"உன்னை லேப்ல காணோம். அதான் டப்பாவை இங்க வெச்சேன்."

"என்ன பண்றீங்க மாமா?"

"தண்ணி ஊத்தறேன்."

"ஊத்தக் கூடாதுன்னு நான் சொன்னேனில்ல?"

"சொன்ன."

"மறந்துட்டீங்களா?"

ஆமாம் என்று அவர் சொல்லிவிட வேண்டும் என்று அவள் உள்ளுக்குள் தவித்தாள். மறந்துவிட்டார் என்றால் அவர்மேல் கோபப்பட வேண்டியதில்லை. யார்மேலும் கோபப்பட வேண்டியதில்லை.

"மறக்கலம்மா. தெரிஞ்சுதான் ஊத்தினேன்."

"ஏன்? ஏன் மாமா? இது என் வேலை. எத்தனை மாசத்து உழைப்பு தெரியுமா?"

அவர் குவளையை மேஜை ஓரத்தில் வைத்தார். அது உருண்டது. பிடித்து மறுபடி வைத்தார்.

"உன் அத்தை ஆஸ்பத்திரில கெடந்தப்ப, டாக்டர் தெனம் வருவாரு. கால்ல அமுக்கிப் பாப்பாரு. பாத்துக்கிட்டே இருப்போம்னுட்டுப் போயிடுவாரு. சரின்னு நானும் பாத்துக்கிட்டே இருந்தேன். கடைசிவரைக்கும் பாத்துக்கிட்டேதான் இருந்தேன்." குரல் ஏறவில்லை, இறங்கவும் இல்லை. "இங்க வந்தா நீயும் தெனம் குனிஞ்சு பாத்துட்டு நிமிந்துடற. எனக்குக் கையைக் கட்டிக்கிட்டு உக்கார முடியல."

"இது செடி மாமா."

"தெரியும். செடிதான்."

அவளுக்குக் கத்த வேண்டும்போல் இருந்தது. கத்தினாள். ஆனால் வந்தது வேறு வார்த்தை.

"நான் சாவியக்காவைச் சொல்லிட்டேன்! எல்லார் முன்னாடியும் அவங்கதான் ஊத்தினாங்கன்னு சொல்லிட்டேன்! அவங்க சாவியைக் கழட்டி வெச்சிட்டுப் போயிட்டாங்க!"

மாமனாரின் முகம் முதல்முறையாக மாறியது.

"அந்தம்மாவையா? அவங்களுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? வா, இப்பவே போய்ச் சொல்லிடுவோம்."

"சொன்னா உங்க பையனுக்குத் தெரிஞ்சுடும்."

"தெரியட்டும்."

"மாமா, உங்களுக்கு ஒரு விஷயம் தெரியாது. ஞாயித்துக்கெழமை..."

"பொண்ணு வர்றா. எதுக்கு வர்றான்னும் தெரியும். எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது." லேசாகச் சிரித்தார். "அந்தக் கூடத்துல அவன் பேசினா அடுத்த வீட்டுக்கே கேக்கும்."

அவள் ஸ்டூலில் உட்காரப் போய், டப்பா இருப்பதைப் பார்த்து, நின்றுகொண்டாள்.

*

இருவரும் சொன்னதை இயக்குநர் பொறுமையாகத்தான் கேட்டார். கேட்டு முடித்ததும் கதவைச் சாத்தினார்.

"இன்னிக்கு ஒருநாள் இதை வெளியே விட வேண்டாம். வந்தவங்க பாத்துட்டுப் போகட்டும். ஆரம்பக்கட்ட முடிவுதான், இன்னும் உறுதியாகலன்னு நான் சேத்துச் சொல்லிக்கறேன்."

"அவங்க கன்னு வாங்கி நட்டுடுவாங்க சார்."

"உடனே நட்டுட மாட்டாங்க."

"நட்டுடுவாங்க."

அவர் பதில் சொல்வதற்குள் வெளியே வேன் வந்து நின்ற சத்தம் கேட்டது.

ஏழெட்டுப் பேர் வந்திருந்தார்கள். முன்னால் வந்தது வழக்கமாக வரும் தோட்டக்காரம்மா. ஒவ்வொரு முறையும் தன் தோட்டத்து இலைகளைப் பிளாஸ்டிக் பையில் போட்டுக் கொண்டுவருவார். இந்த முறை பையில் இலையைவிடச் சருகுதான் அதிகம். குடிலுக்குள் வந்ததும் அவர் யாரையும் பார்க்கவில்லை. நேரே முன்வரிசைக்குப் போய், தளிருக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இதா சார்? இதையா நடணும்?"

இயக்குநர் தொண்டையைச் செருமினார். "அதாவது, ஆரம்பக்கட்டத்துல பாத்தா..."

அவள் மேஜை விளிம்பை விரலால் தட்டிக்கொண்டே இருந்தாள். நிறுத்த முடியவில்லை. மாமனார் ஓரத்தில் ஸ்டூலில், டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் அவளைப் பார்க்கவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஒரு கண்ணசைவில் வேண்டாம் என்று கேட்டிருந்தால்கூட அவள் ஒருவேளை சும்மா இருந்திருப்பாள்.

"நடாதீங்க" என்றாள்.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இந்தச் செடி எதையும் தாங்கல. நடுவுல இதுங்களுக்கு நல்ல தண்ணி போயிருக்கு. விஷம் கழுவிப் போனதாலதான் தளிர் விட்டிருக்கு. உங்க தண்ணியில வெச்சா பின்னால நிக்குது பாருங்க, அந்த மாதிரிதான் ஆகும். காலையில நான் அவசரப்பட்டுட்டேன். தப்பு என்னோடது."

"தப்பு என் மருமகளோடது இல்ல." டப்பாவைக் கீழே வைத்துவிட்டு மாமனார் எழுந்து நின்றார். "தண்ணி ஊத்தினது நான். அவளுக்குத் தெரியாம ஊத்தினேன்."

"அப்பா!"

வாசலில் கணவன் நின்றிருந்தான். சட்டை வியர்வையில் ஒட்டியிருந்தது. "சாப்பாடு குடுக்கப் போனவரு வீடு திரும்பல, போனை எடுக்கல, நீயும் எடுக்கல. தெருத்தெருவா தேடிட்டு வர்றேன்" என்று அவளிடம் சொல்ல வந்தவன், அப்பா சொன்னதைக் கேட்டு அப்படியே நின்றான்.

 தோட்டக்காரம்மா தளிரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்ல தண்ணி ஊத்தினா பொழச்சுடுதில்ல?" என்றார் மெதுவாக. "நல்ல தண்ணிக்கு நான் எங்க போவேன்?"

 அவர் பையை எடுத்துக்கொண்டார். போகும்போது அவளருகில் நின்று, "நேராச் சொல்லிட்டீங்க. இல்லேன்னா அடுத்த வாரம் நட்டிருப்பேன்" என்றார். அதில் நன்றி எவ்வளவு, வருத்தம் எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

இயக்குநர் வேன் வரைக்கும் போய் அவர்களை வழியனுப்பிவிட்டு வந்தார். சாவிக்கொத்தை அவள் கையில் வைத்து, "மூணாவது மேஜையைக் காலி பண்ணு. தண்ணி பட்டதையெல்லாம் ஒதுக்கு. மறுபடி முதல்லேருந்துதான்" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

*

சாவியக்கா வாசல் பக்கத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, மன்னிச்சிடுங்க. உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"நீங்க ஊருக்குப் போனப்பவும் பெரியவர் வருவாரு, ஊத்தறதைப் பாத்தேன். நீங்க சொல்லித்தான் ஊத்தறாருன்னு நெனச்சேன். நீங்க என்னைக் கேட்டப்பதான் புரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"உங்க வீட்டு மனுஷரை சார் முன்னாடி நான் எப்படிச் சொல்றது?" சாவிக்கொத்தை வாங்கிக் கொக்கியில் மாட்டிக்கொண்டார். "இதை வாங்கிக்கறேன். மத்ததை அப்புறம் பாத்துக்கலாம் மேடம்."



குடிலுக்குத் திரும்பியபோது அப்பாவும் மகனும் ஆளுக்கொரு மூலையில் நின்றிருந்தார்கள். கணவன் அவளைத் தனியே இழுத்தான்.

"இப்பவாவது புரியுதா? இன்னிக்குச் செடி. நாளைக்கு என்ன பண்ணுவாரோ? ஞாயித்துக்கெழமை அக்கா வர்றப்ப நீ குறுக்க பேசாதே, அது போதும்."

"அவரு மறந்து பண்ணல. தெரிஞ்சு பண்ணினாரு."

"அது இன்னும் மோசம்."

 ஒரு கூடையை எடுத்துக்கொண்டு மேஜைக்குப் போனாள். எந்தெந்தத் தொட்டி என்று தெரிய வேண்டும்.

"மாமா, நீங்க தண்ணி ஊத்தினதையெல்லாம் காட்டுங்க."

அவர் வந்தார். முன்வரிசையை ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டினார். தயக்கமே இல்லை. இதற்குத் தினமும், இதற்கு ஒருநாள் விட்டு ஒருநாள், இது ரொம்ப வாடியிருந்தது, அதனால் கூடக் கொஞ்சம். இன்ஜின் ஓட்டிய காலத்தில் ஸ்டேஷன் ஸ்டேஷனாகச் சொல்லியிருப்பார், அதே சுருக்கம். அவள் ஒவ்வொரு தொட்டியாகக் கூடையில் இறக்கினாள்.

முன்வரிசை முடிந்தது. பின்வரிசை மூலையில் பச்சையாக ஒன்று பாக்கி நின்றது. ஒரு முள்ளி. காலையிலிருந்தே அதையும் அந்தக் கும்பலோடு சேர்த்துத்தான் கணக்கு வைத்திருந்தாள். உடம்பை வளைத்து, கையை நீட்டி எடுக்கப் போனாள்.

"அது இல்லம்மா" என்றார் மாமனார்.

"எது?"

"அந்த மூலையில இருக்கறது. அதுக்கு நான் ஊத்தவே இல்ல. எனக்குக் கை எட்டாது."

"அப்பா, போதும்ப்பா" என்றான் கணவன். அப்பாவுக்குத் தெரியாமல் அவளிடம் நெற்றியைத் தொட்டுக் காட்டினான். குழம்பியிருக்கிறார் என்று அர்த்தம்.

அவள் நீட்டிய கையை மடக்கவில்லை. கீழ் இலையைத் திருப்பிப் பார்த்தாள். நுனியில் துளி மஞ்சள். அவ்வளவுதான். அடியில் ஒரு புள்ளி இல்லை. மீட்டரை எடுத்து அந்தத் தொட்டியின் வடிநீரில் முக்கினாள். நம்பாமல் மீட்டரைக் கழுவித் துடைத்தாள். மறுபடி முக்கினாள்.

கருகிக்கொண்டிருந்த பின்வரிசைத் தொட்டிகள் காட்டும் அதே அளவு. கழுவப்படாத, முழு விஷம். அப்படியானால் இந்த ஒரு முள்ளி நிஜமாகவே தாங்கியிருக்கிறது.

ஆனால் மீட்டர் இன்றைக்கு மட்டும்தான் சாட்சி. போன வாரம், அதற்கு முந்தைய வாரம், அந்தத் தொட்டியில் ஒரு குவளை விழுந்ததா இல்லையா என்று சொல்ல இந்த உலகத்தில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

"மாமா, ஒருநாள்கூட ஊத்தலையா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

"யோசிக்க என்ன இருக்கு? ஊத்தலம்மா. அதைப் பாத்துப் பாவமாத்தான் இருக்கும். ஆனா எட்டாது."

"ஏன் நீ வேற அவரைக் கேட்டுக்கிட்டு?" கணவன் அப்பாவின் கையைப் பிடித்தான். "வாங்கப்பா, வண்டியில உக்காருங்க. அக்கா ஞாயித்துக்கெழமை வர்றா, அவகிட்ட எல்லாம் பேசிக்கலாம்."

மாமனார் மறுப்புச் சொல்லாமல் நடந்தார். கதவுவரை போய்விட்டார்.

"நில்லுங்க மாமா!"

அவள் குரல் அவளுக்கே அந்நியமாகக் கேட்டது. கூடையைத் தாண்டி வந்து வாசலை மறித்து நின்றாள். ஒரு கையில் மீட்டர் இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா தாராளமா வரட்டும்" என்றாள் கணவனிடம். "ஆனா அவரை எங்கயும் அனுப்பறதா இல்ல. அவரு சொல்றது உண்மைன்னு நான் எடுத்துக்கப் போறேன்."

"எல்லாத்தையும் கெடுத்தவரோட பேச்சையா?"

"ஆமா. அவரு பேச்சைத்தான்."

கணவன் அவளையும் அப்பாவையும் மாறி மாறிப் பார்த்தான். சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தான். அக்காவின் எண்ணை அழுத்தி, காதில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தான்.

"அக்கா, ஞாயித்துக்கெழமைவரைக்கும் வேண்டாம். நீ நாளைக்கே கெளம்பி வா" என்று அவன் சொல்வது குடிலுக்குள் தெளிவாகக் கேட்டது.